சாவி யாரிடம்? தன்னார்வலர் உழைப்பும் ஆளும் உரிமையும்

மதுரையை அடுத்த ஒத்தக்கடையிலிருந்து நரசிங்கம் போகும் சாலை, யானைமலை அடிவாரத்தில் ஒரு குடைவரைக் கோயிலுக்குக் கொண்டுசேர்க்கும். பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சன் மாறன் காரி கி.பி. 770இல் எடுப்பித்த நரசிங்கப் பெருமாள் கோயில் அது. வேலை முடியுமுன் அவன் இறந்துபோக, தம்பி மாறன் எயினன் முகமண்டபத்தை முடித்தான் என்று அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. தொடங்கியவன் பெயரும் முடித்தவன் பெயரும் கல்லில் இருக்கின்றன. உளி பிடித்துப் பாறையைக் குடைந்தவர்கள் யார் என்பது அதில் இல்லை.

அதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து, அதே பாண்டிய நாட்டில், திருநெல்வேலிக்கு அருகிலுள்ள மானூரில் ஒரு பிரமதேயச் சபை தனக்கான விதிகளைக் கல்லில் பொறித்து வைத்தது. சபையில் பேசும் உரிமை யாருக்கு, அதற்கு என்ன நிலப்பங்கு வேண்டும், என்ன கல்வி வேண்டும் என்று வரையறுத்த கல்வெட்டு அது. எந்தத் தீர்மானம் வந்தாலும் மறுத்துக்கொண்டே இருந்து சபையை முடக்குபவர் ஐந்து காசு தண்டம் கட்ட வேண்டும் என்றும், அவருக்குத் துணை நிற்பவருக்கும் அதுவே என்றும் அதில் உண்டு. பெண்களுக்கும், நிலத்தில் உழுதவர்களுக்கும், பங்கில்லாதவர்களுக்கும் அந்தச் சபையில் இடமே இல்லை. ஆகவே அதை மக்களாட்சி என்று கொண்டாட எனக்கு மனமில்லை. ஆனாலும் பேசும் உரிமை யாருக்கு, அந்த உரிமையின் எல்லை எது என்ற இரண்டையும் முன்கூட்டியே எழுதி, எல்லோரும் பார்க்கும் இடத்தில் வைத்தார்கள். ஆயிரத்து இருநூறு ஆண்டுகள் கழித்து, பல நாடுகளில் சிதறிக் கிடக்கும் தன்னார்வலர்கள் கூடிக் கட்டும் தொழில்நுட்பத் திட்டங்களில் இந்த இரண்டும் பெரும்பாலும் எழுதப்படாமலேயே இருக்கின்றன. எழுதப்பட்ட இடங்களில்கூட, கடைசி வரி வேறொருவர் கையில் இருக்கிறது.

இந்தத் திட்டங்களின் உழைப்பு எப்படிப்பட்டது என்று முதலில் அருகில் போய்ப் பார்க்கலாம். தமிழ் விக்கிமூலத்தில் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் பக்கம் பக்கமாக ஏற்றப்பட்டிருக்கின்றன. ஒரு பக்கத்தைத் திறந்தால் ஒரு பாதியில் வருடப்பட்ட தாளின் படம், மறுபாதியில் எழுத்துணரி மென்பொருள் பிரித்துத் தந்த உரை. துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோல் இருப்பதால் மென்பொருள் ஒன்றை மற்றொன்றாகப் படித்துவிடும். எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் தும்பிக்கை போல் வளைந்து நிற்கும் ணை, லை, னை எழுத்துகளைக் கண்டால் அது திணறும். ஒருவர் உட்கார்ந்து வரிக்கு வரி ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். திருத்தி முடித்தால் பக்கம் மஞ்சள் நிறமாகும். அதைப் பச்சையாக்க முதலாமவரால் முடியாது, இரண்டாமவர் ஒருவர் வந்து மறுபடி ஒப்பிட்டால்தான் பச்சை. தனி ஒருவர் நினைத்தபடி எதையும் முடிந்ததாக அறிவிக்க முடியாத ஏற்பாடு வேலைக்குள்ளேயே பதிந்திருக்கிறது.

தமிழ் விக்கிப்பீடியாவும் அப்படித்தான் வளர்ந்தது. 2003 செப்டம்பரில் அதன் பக்கம் திறந்தது. அபுதாபியில் பணியாற்றிய, யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த கட்டடக்கலைஞர் இ. மயூரநாதன் அதே ஆண்டின் இறுதியில் முறையாக எழுதத் தொடங்கினார். 2017இல் கட்டுரைகள் ஒரு லட்சத்தைத் தாண்டின. எந்தக் கட்டுரை தேவை, எதை நீக்குவது, யாருக்கு நிர்வாகி அணுக்கம் தருவது, எந்தத் தானியங்கியை ஓட விடுவது என்பதெல்லாம் ‘ஆலமரத்தடி’ என்று பெயரிட்ட பொது இடத்திலும் பேச்சுப் பக்கங்களிலும் பேசி முடிவாகின்றன. சண்டை வரும், மனத்தாங்கல் வரும், சிலர் கோபித்துக்கொண்டு போய்விடுவார்கள். இருந்தும் உள்ளடக்கம் என்ற எல்லைக்குள் தன்னார்வலர்தான் ஆள்கிறார். அவருக்கு மேல் ஆசிரியர் குழு என்று யாரும் இல்லை.

அந்த எல்லையைத் தாண்டினால் காட்சி வேறு. வழங்கிக் கணினிகள், வணிகச் சின்னம், நன்கொடைப் பணம், ஊதியப் பணியாளர் ஆகிய நான்கும் அமெரிக்காவில் பதிவான விக்கிமீடியா அறக்கட்டளையிடம் இருக்கின்றன. 2003 ஜூன் 20 அன்று ஃபுளோரிடாவில் அது தொடங்கப்பட்டபோது அறங்காவலர்கள் மூவர்: ஜிம்மி வேல்சும் அவருடைய வணிகக் கூட்டாளிகள் இருவரும். அடுத்த ஆண்டே தேர்தல் நடத்தி, ஆஞ்சலா பீஸ்லி, ஃபுளோரன்ஸ் தவுவார் என்ற இரு தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொண்டார்கள். நல்ல தொடக்கம்தான். ஆனால் தொடக்கத்தில் பங்களிப்பாளர்களை உறுப்பினர்களாகக் கருதிய அமைப்பு விதிகள் 2006 இறுதியில் திருத்தப்பட்டு, அறக்கட்டளை உறுப்பினர்களே இல்லாத அமைப்பானது. அன்றிலிருந்து தன்னார்வலர் வாக்களிக்கலாம். ஆனால் அந்த வாக்கு சட்டத்தின் பார்வையில் ஒரு பரிந்துரை. வென்றவரை நியமிப்பது அறங்காவலர் குழு. வேண்டாம் என்றால் நீக்குவதும் அதுவே.

இது வெறும் சட்ட நுணுக்கம் இல்லை என்பது 2015 டிசம்பரில் தெரிந்தது. தன்னார்வலர் வாக்கால் அந்த ஆண்டுதான் குழுவுக்கு வந்த கனடிய மருத்துவர் ஜேம்ஸ் ஹைல்மனை மற்ற அறங்காவலர்கள் வாக்கெடுத்து நீக்கினார்கள். அவரை அனுப்பியவர்களிடம் யாரும் கேட்கவில்லை. பெரும் கொந்தளிப்பு எழுந்தது. 2017 தேர்தலில் தன்னார்வலர்கள் அவரையே மறுபடியும் தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள். அவர் திரும்ப வந்தார் என்பதில் மகிழ்ச்சி கொள்ளலாம். நீக்கும் அதிகாரம் இருந்த இடத்திலேயே இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வாக்கு இல்லாமலேயே குரல் எடுபட்ட நிகழ்ச்சி ஒன்று தமிழில் உண்டு. என் பார்வையில் இந்தப் பொருளைப் பற்றி யோசிக்கிற எவரும் அறிந்திருக்க வேண்டிய நிகழ்ச்சி அது. 2009 வாக்கில் கூகுள் தன் மொழிபெயர்ப்புக் கருவியை மேம்படுத்த, ஆங்கில விக்கிப்பீடியாக் கட்டுரைகளைக் கூலி மொழிபெயர்ப்பாளர்களைக் கொண்டு பல மொழிகளில் பெயர்த்து, அந்தந்த விக்கிப்பீடியாவில் ஏற்றத் தொடங்கியது. அரபி, இந்தி, தெலுங்கு, கன்னடம், குஜராத்தி, சுவாகிலி, தமிழ் எனப் பல மொழிகள். 2010 ஜூலையில் ஒரு கோடியே 60 லட்சம் சொற்கள் பெயர்த்தாயிற்று என்று அந்நிறுவனம் அறிவித்தது. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் சிறு மொழிகளுக்கு வாராது வந்த வாய்ப்பு.

ஆனால் வந்து விழுந்த கட்டுரைகளைத் திறந்து பார்த்த தமிழ்த் தன்னார்வலர்களுக்குத் தலை சுற்றியது. ஆங்கில வாக்கிய அமைப்பு அப்படியே தமிழ் எழுத்தில் கிடந்தது. எங்கும் போய்ச் சேராத சிவப்பு இணைப்புகள் வரிக்கு வரி. தலைப்புகளில் அமெரிக்கத் திரைப்படங்களும் பாடகர்களும் நிறைய, தமிழ் வாசகர் தேடிவரும் பொருள்கள் குறைவு. மொழிபெயர்த்தவர் கட்டுரையை ஏற்றிவிட்டுப் போய்விடுவார். பேச்சுப் பக்கத்தில் கேள்வி கேட்டால் பதில் வராது, ஏனென்றால் அவருக்குச் சொற்கணக்கில் கூலி. துப்புரவு வேலை முழுக்கத் தன்னார்வலர் தலையில் விழுந்தது. விருந்தாளி சமைத்துவிட்டுப் போக, பாத்திரம் கழுவுவது வீட்டுக்காரர் பாடு என்பது போல.

வங்க மொழி விக்கிப்பீடியர்கள் இந்தக் கட்டுரைகளை ஏற்க முடியாது என்று நீக்கும் வழியை எடுத்தார்கள். தமிழ் விக்கிப்பீடியர்கள் வேறு வழியில் போனார்கள். நிறுத்துங்கள், பேசுவோம் என்றார்கள். ஏற்கெனவே ஏற்றியவற்றைத் திருத்தாமல் புதியதை ஏற்றக் கூடாது, மொழிபெயர்ப்பவர் பயனர் கணக்கோடு வந்து கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும், தலைப்புகளை இங்குள்ள சமூகம் பரிந்துரைக்கும் என்ற வகையில் நிபந்தனைகளை வகுத்து, நிறுவனத்தோடு நேரடியாகப் பேச்சு நடத்தினார்கள். அந்த அனுபவத்தை அ. இரவிசங்கர் 2010இல் போலந்தின் கிடான்ஸ்க் நகரில் நடந்த விக்கிமேனியா மாநாட்டில் ஆய்வறிக்கையாகவே முன்வைத்தார். உலகின் மிகப்பெரிய தேடுபொறி நிறுவனம் தங்களை ஒரு தரப்பாக ஏற்று உட்கார்ந்து பேச வேண்டிய நிலையை, ஊதியம் இல்லாத சிலர் உருவாக்கினார்கள்.

அது எப்படிச் சாத்தியமானது? எந்த அறங்காவலர் குழுவிலும் அவர்களுக்கு நாற்காலி இல்லை. ஆனால் கட்டுரையை ஏற்பதும் நீக்குவதும் அவர்கள் கையில் இருந்தது. அந்த ஒரு பிடி அவர்களிடம் இருந்ததால்தான் பேச்சுவார்த்தைக்கு எடை வந்தது. தன்னார்வலர் குரல் என்று நாம் சொல்வது பேச இடம் கிடைப்பது மட்டும் இல்லை. அவர் இல்லை என்றால் வேலை நிற்கும் என்ற நிலை எங்கே இருக்கிறதோ அங்கேதான் குரல் இருக்கிறது.

இதன் மறுபக்கத்தைப் புனே காட்டியது. 2011இல் விக்கிமீடியா அறக்கட்டளை அங்கே சில கல்லூரிகளில் மாணவர்களை ஆங்கில விக்கிப்பீடியாவில் எழுத வைக்கும் திட்டத்தைத் தன் பணியாளர்களைக் கொண்டு தொடங்கியது. உள்ளே வரும் எழுத்தைச் சரிபார்க்கப் போகிற தன்னார்வலர்களிடம், உங்களால் எவ்வளவு தாங்க முடியும் என்று முன்கூட்டிக் கேட்டுத் திட்டமிடவில்லை. நூற்றுக்கணக்கான மாணவர்களில் பலர் பாடநூலிலிருந்தும் இணையத்திலிருந்தும் அப்படியே எடுத்து ஒட்டினார்கள். காப்புரிமை மீறல்கள் குவிந்தன. நவம்பரில் திட்டம் நிறுத்தப்பட்டது. குவிந்ததை அகற்றும் வேலை அதற்குப் பின்னும் பல மாதங்கள் நீண்டது. மாணவர்களைக் குறை சொல்ல எனக்கு விருப்பமில்லை. மேற்கோள் காட்டுவதற்கும் படியெடுப்பதற்கும் உள்ள வேறுபாட்டை நம் கல்லூரிகள் எத்தனை கற்றுத் தருகின்றன? பிழை திட்டம் போட்ட இடத்தில் இருந்தது.

ஒத்தக்கடைக்காரர்களுக்கு இந்த அனுபவம் புதிதில்லை. 2010 வாக்கில் யானைமலையைச் சிற்பக்கலை நகரமாக்குவது என்ற யோசனை மேலிருந்து வந்தபோது, மலையடியில் வாழும் மக்கள் எதிர்த்து நின்றபிறகுதான் அது கைவிடப்பட்டது. முடிவெடுத்தபிறகு கருத்துக் கேட்பது என்பது மலையிலும் நடக்கிறது, கணினியிலும் நடக்கிறது.

பணம் எந்த வழியாக வருகிறதோ அந்த வழியாகவே குரலும் போகிறது என்பதற்கு இந்தியாவிலேயே சான்று இருக்கிறது. 2011 ஜனவரியில் பெங்களூருவில் விக்கிமீடியா இந்தியா என்ற சங்கம் பதிவானது. உறுப்பினர்கள் சந்தா கட்டி, பொதுக்குழு கூடி, செயற்குழுவைத் தேர்ந்தெடுக்கும் முறையான அமைப்பு. ஆனால் வெளிநாட்டு நிதியைப் பெற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் அனுமதி வேண்டும். புதிய சங்கத்துக்கு அது எளிதில் கிடைப்பதில்லை. 2012 முதல் அறக்கட்டளையின் பெரிய நல்கை, அந்த அனுமதி உள்ள வேறொரு ஆய்வு நிறுவனத்துக்குப் போனது. அங்கே ஊதியப் பணியாளர்கள் இந்திய மொழிகளுக்காக உண்மையாகவே உழைத்தார்கள். ஆனால் அவர்களைத் தன்னார்வலர் தேர்ந்தெடுக்கவில்லை, மாற்றவும் முடியாது. தேர்ந்தெடுக்கப்பட்ட சங்கத்திடம் பணம் இல்லை. பணம் இருந்த இடத்தில் தேர்தல் இல்லை. 2019 செப்டம்பரில் சங்கம் அறக்கட்டளையின் அங்கீகாரத்தை இழந்தது. இதற்கு ஒரே காரணம் என்று எதையும் சுட்ட முடியாது. ஆனால் எட்டு ஆண்டுகள் இந்தப் பிளவோடு நடந்த அமைப்பு தளர்ந்ததில் வியப்பில்லை.

அப்படியானால் எல்லோருக்கும் வாக்கு கொடுத்துவிட்டால் போதுமா? ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் கதை இங்கே உதவும். உலகத்தின் வரைபடத்தைத் தன்னார்வலர்கள் தெருத்தெருவாக வரையும் திட்டம் அது. 2015 சென்னை வெள்ளத்தின்போது மூழ்கிய சாலைகளை மக்களே குறித்த வரைபடத்துக்கு அடித்தளமாக நின்றதும் அதுதான். அதன் அறக்கட்டளை பிரிட்டனில் பதிவான நிறுவனம். ஆண்டுச் சந்தா 15 பவுண்டு கட்டினால் யாரும் உறுப்பினர், வாக்கு உண்டு. 2018 நவம்பரில், தேர்தலுக்குச் சற்று முன், இந்தியாவிலுள்ள ஒரே நிறுவனத்தின் ஊழியர்கள் சுமார் 100 பேர் ஒரே நாளில் உறுப்பினரானார்கள். விசாரணை நடந்தது, அந்தச் சேர்க்கை தனித்தனி ஆட்களின் தற்செயலான ஆர்வமாகத் தெரியவில்லை. சந்தாவை வைத்து உரிமையை அளந்தால் பணம் உள்ளவர் உரிமையை மொத்தமாக வாங்கிவிடலாம் என்பது எல்லோருக்கும் உறைத்தது.

அவர்கள் கண்ட தீர்வு எனக்கு மிகவும் பிடித்தது. 2020இல், கடந்த ஓராண்டில் 42 நாள்களாவது வரைபடத்தில் வேலை செய்தவருக்குச் சந்தாவே வேண்டாம், உறுப்பினர் உரிமை உண்டு என்று மாற்றினார்கள். 15 பவுண்டு என்பது இலண்டனில் ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவு. மேலூர்ப் பக்கத்து மாணவருக்கு அது மாதக் கைச்செலவையே விழுங்கிவிடும். வேலையை அளவுகோலாக்கியதும் அந்த ஏற்றத்தாழ்வு கணிசமாகக் குறைந்தது. வரைய முடியாமல் வேறு வகையில் உழைப்பவரும், மாநாடு நடத்துபவரும் மொழிபெயர்ப்பவரும், அந்த உரிமையைக் கேட்டுப் பெறலாம் என்று வழி வைத்ததும் நல்லது.

விக்கிமீடியாத் தேர்தலிலும் வேலைதான் தகுதி. மொத்தம் 300 திருத்தங்கள், அண்மைய ஆறு மாதத்தில் 20. அறங்காவலர் குழு பெரிதாக்கப்பட்டபின் நடந்த 2021 தேர்தலில் தகுதி பெற்றவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவரே வாக்களித்தார். இதைக் காட்டி, தன்னார்வலருக்கு ஆளுகையில் அக்கறை இல்லை என்று சொல்பவர்கள் உண்டு. நான் இதை வேறு விதமாகப் படிக்கிறேன். வேட்பாளர்களின் பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை, அறிக்கைகள் நீண்ட ஆங்கிலத்தில், வாக்களித்தாலும் என்ன மாறும் என்று தெரியாது. இந்த நிலையில் ஒருவர் அந்த அரை மணி நேரத்தில் இன்னொரு பக்கம் மெய்ப்புப் பார்ப்பதுதான் பயன் என்று முடிவு செய்தால் அதில் அக்கறையின்மை எங்கே?

வாக்கு எதை மாற்றும் என்ற கேள்விக்கு 2024 ஒரு கசப்பான விடை தந்தது. விக்கிமீடியா இயக்கத்துக்கு ஓர் அரசியலமைப்பு எழுத 2021இல் 15 பேர் கொண்ட குழு அமைந்தது. ஏழு பேரைத் தன்னார்வலர்கள் தேர்ந்தெடுத்தார்கள், ஆறு பேரைத் துணையமைப்புகள், இருவரை அறக்கட்டளை. பணம், திட்டமிடல் ஆகியவற்றில் பங்கு கொள்ளும் ஓர் உலக மன்றம் வேண்டும் என்று அவர்கள் மூன்றாண்டு உழைத்து வரைவு எழுதினார்கள். 2024 ஜூன் 25 முதல் ஜூலை 9 வரை வாக்கெடுப்பு. தனிநபர்களில் 73 விழுக்காட்டினர் ஆதரித்தார்கள், துணையமைப்புகளில் ஏறத்தாழ 84 விழுக்காடு. அறங்காவலர் குழு ஏற்கவில்லை, வரைவு விழுந்தது. மூன்று தரப்பும் ஒப்ப வேண்டும் என்பது முன்பே சொல்லப்பட்ட விதிதான், ஆகவே விதி மீறப்படவில்லை. வரைவில் தெளிவின்மை இருந்தது, செலவு கூடும் என்ற குழுவின் கவலைகளிலும் நியாயம் உண்டு. ஆனால் மூன்றாண்டு இரவுகளைச் செலவிட்டவர்களுக்கு, ஒரு தரப்பின் மறுப்பு மற்ற இரண்டின் ஒப்புதலையும் செல்லாமல் ஆக்கிவிடும் என்பது நடைமுறையில் விளங்கியது.

நம் அரசியலமைப்பின் 111ஆம் பிரிவை இங்கே நினைத்துக்கொள்கிறேன். நாடாளுமன்றம் நிறைவேற்றிய மசோதாவைக் குடியரசுத் தலைவர் மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பலாம். அதை அவைகள் மீண்டும் நிறைவேற்றினால், திருத்தத்தோடோ திருத்தம் இல்லாமலோ, அவர் ஒப்புதலை நிறுத்தி வைக்க முடியாது. எச்சரிக்கை செய்யும் உரிமைக்கும் தடுத்துவிடும் உரிமைக்கும் இடையே எவ்வளவு தூரம்! ஓர் அறங்காவலர் குழுவுக்கு முதலாவது கட்டாயம் வேண்டும். சட்டப் பொறுப்பும் வழக்கும் வரியும் அவர்கள் தலையில்தானே. இரண்டாவது வேண்டுமா என்பதில்தான் என் கருத்து வேறு.

வேறு விதமாக எழுத முடியும் என்பதற்கு டெபியன் சான்று. லினக்ஸ் இயங்குதளத்தின் அந்தப் பதிப்பை 1993 முதல் தன்னார்வலர்கள் உருவாக்கி வருகிறார்கள். 1998 டிசம்பரில் அவர்கள் தங்களுக்கு ஓர் அரசியலமைப்பை ஏற்றுக்கொண்டார்கள். ஆண்டுதோறும் தலைவர் தேர்தல். தலைவர் எடுத்த முடிவையும் பொதுத் தீர்மானத்தால் உருவாக்குநர்கள் மாற்றலாம். பணத்தையும் சின்னத்தையும் வைத்திருக்க வேறொரு லாப நோக்கமற்ற அமைப்பு இருக்கிறது. அது காப்பாளர் மட்டுமே, திட்டத்தின் போக்கில் கை வைப்பதில்லை. அந்த விதிகளில் எனக்கு முக்கியமாகப் படுவது, யாரையும் எந்த வேலையும் செய்யச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது, ஆனால் விதிப்படி எடுத்த முடிவுக்குக் குறுக்கே நின்று கெடுக்கவும் கூடாது என்ற இணைப்பு. மானூர்ச் சபையார் ஐந்து காசு தண்டத்தால் கட்டுப்படுத்த நினைத்ததும் இதே முட்டுக்கட்டையைத்தான். குரல் கொடுக்கும் எந்த ஏற்பாட்டிலும் இந்த இரண்டாம் பாதி இல்லாவிட்டால், உரக்கப் பேசும் நான்கு பேரிடம் மற்றவர்கள் சிக்கிக்கொள்வார்கள். தன்னார்வ அமைப்புகளில் பழகிய யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

நம் ஊர்ப் பெயரைத் தாங்கிய மதுரைத் திட்டம் இந்த வரிசையில் சேராத ஒன்று. 1998 பொங்கல் நாளில் சுவிட்சர்லாந்தின் லொசான் நகரிலிருந்து கு. கல்யாணசுந்தரமும், அமெரிக்காவிலிருந்து குமார் மல்லிகார்ஜுனனும் ஒருங்கிணைக்கத் தொடங்கிய இத்திட்டம், தமிழ் இலக்கியங்களைத் தட்டச்சிட்டு யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ள இணையத்தில் வைத்தது. ஒருங்குறி பரவாத காலத்தில் வெவ்வேறு எழுத்துருக்களில், பிறகு திஸ்கி குறியாக்கத்தில், பிறகு ஒருங்குறியில் என்று அதே நூல்களை மாற்றி மாற்றிக் காப்பாற்றினார்கள். பல நாடுகளிலிருந்து நூற்றுக்கணக்கானோர் தட்டச்சிட்டார்கள், மெய்ப்புப் பார்த்தார்கள். தேர்தல் கிடையாது, பொதுக்குழு கிடையாது. இருந்தும் கால் நூற்றாண்டுக்கு மேல் நிலைத்திருக்கிறது. காரணம், அங்கே பங்கிட வேண்டிய பணமோ பதவியோ இல்லை. எந்த நூலைத் தட்டச்சிடுவது என்று உழைப்பவரே தேர்ந்துகொள்ளலாம். முடிந்த நூலை எவரும் படியெடுத்து வைக்கலாம், அதனால் யாரிடமும் சிறைப்படாது. முடிவுகள் உழைப்புக்குள்ளேயே அடங்கிவிட்டதால் தனியே ஆளுகை தேவைப்படவில்லை.

ஆனால் இதை எல்லாத் திட்டத்துக்கும் முன்மாதிரியாகச் சொல்லத் தயங்குகிறேன். ஓரிருவரின் அர்ப்பணிப்பைத் தூணாகக் கொண்ட ஏற்பாடு, அவர்களுக்குப் பின் யார் என்ற கேள்வி வரும்போது தடுமாறும். பணமும் பணியாளரும் வந்துவிட்டால் இந்த எளிமை தாங்காது.

கடைசி ஆயுதம் ஒன்று எல்லாத் திறந்த திட்டங்களிலும் உண்டு: பிரிந்து போவது. விக்கிப்பீடியாவில் விளம்பரம் வரும் என்ற அச்சத்தில் 2002 பிப்ரவரியில் ஸ்பானிய மொழித் தன்னார்வலர்கள் பெரும் எண்ணிக்கையில் வெளியேறி, செவில் பல்கலைக்கழகத்தின் கணினியில் தனிக் கலைக்களஞ்சியம் தொடங்கினார்கள். உரிமம் திறந்தது என்பதால் எழுதியதை எல்லாம் எடுத்துக்கொண்டு போக முடிந்தது. அதன்பின் விக்கிப்பீடியா விளம்பரத்தின் பக்கம் போகவேயில்லை. ஆனால் ஸ்பானியத்தை உலகெங்கும் கோடிக்கணக்கானோர் எழுதுகிறார்கள். தமிழில் உழைக்கும் சில நூறு பேர் இரண்டாகப் பிரிந்தால் இரண்டும் மெலியும். ஆகவே சிறு மொழிக்கு வெளியேறும் உரிமை காகிதத்தில்தான் பலம். அதனாலேயே உள்ளே இருந்து பேசும் உரிமை நமக்கு மற்றவர்களைவிட அதிகம் தேவை.

மதுரை வட்டாரத்தில் இன்று கல்லூரி மாணவர்கள், ஆசிரியர்கள், ஓய்வு பெற்றவர்கள் சேர்ந்து எண்ணிம நூலகம், பேச்சுத் தரவுத் தொகுப்பு, சிற்றூர் வரைபடம் என்று ஏதாவது தொடங்கினால், முதலில் வரும் யோசனை அறக்கட்டளை பதிவு செய்வதுதான். சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிந்தால் வேலை முடிந்தது. ஆனால் அறக்கட்டளையில் அறங்காவலர்கள் மட்டுமே சட்டத்தின் கண்ணுக்குத் தெரிவார்கள். ஆயிரம் பக்கம் மெய்ப்புப் பார்த்தவருக்கு அதில் எந்த நிலையும் இல்லை. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன் கீழ்ச் சங்கமாகப் பதிந்தால் குறைந்தது ஏழு உறுப்பினர் வேண்டும், பொதுக்குழு ஆண்டுதோறும் கூட வேண்டும், கணக்கை முன்வைக்க வேண்டும். அலைச்சல் கூடுதல்தான். அந்த அலைச்சலே உறுப்பினருக்கான பாதுகாப்பு. அறக்கட்டளைதான் வசதி என்றாலும், அறங்காவலரில் பாதிப்பேரை உழைக்கும் தன்னார்வலர் தேர்ந்தெடுப்பார்கள் என்று பத்திரத்திலேயே எழுதிக்கொள்ளச் சட்டத்தில் தடை இல்லை.

எழுதும்போது வேலையையே தகுதியாக வைக்க வேண்டும், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் 42 நாள் போல எண்ணிப் பார்க்கத்தக்க அளவாக. தன்னார்வலரின் வேலை முறையை மாற்றுகிற முடிவுகள், அதாவது புதிய மென்பொருள், கூலிக்கு ஆள் வைப்பது, உரிமத்தை மாற்றுவது, தொகுத்த தரவை ஒரு நிறுவனத்துக்குக் கொடுப்பது, இவற்றுக்குப் பொதுக்குழுவின் ஒப்புதல் கட்டாயம் என்று இருக்க வேண்டும். அறங்காவலர் ஒரு முறை காரணத்தோடு திருப்பி அனுப்பட்டும். மூன்றில் இரண்டு பங்கு மறுபடி ஏற்றால் அது முடிவு. கடைசியாகச் சொன்ன தரவுப் பகிர்வு இன்று மிக அவசரமானது. செயற்கை நுண்ணறிவு நிறுவனங்களுக்குத் தமிழ் உரையும் தமிழ்க் குரலும் தேவைப்படும் காலம் இது. இலவசமாகப் பேசிப் பதிந்து கொடுத்தவர்களிடம், எந்த நிபந்தனையில் கொடுக்கலாம் என்று கேட்காமல் ஒருவர் கையெழுத்தில் அது போய்விடக் கூடாது.

சாவிகளைப் பற்றியும் வெளிப்படையாக எழுத வேண்டும். தளத்தின் முகவரி யார் பெயரில் பதிந்திருக்கிறது, வழங்கியின் கடவுச்சொல் எத்தனை பேரிடம், வங்கிக் கணக்கில் கையெழுத்திடுபவர் யார், அவருக்கு ஏதாவது நேர்ந்தால் அடுத்தவர் யார்? ஆர்வத்தோடு தொடங்கிய இளைஞர் ஒருவர் தன் சொந்தப் பணத்தில் முகவரி வாங்கியிருப்பார், வேலை கிடைத்து வெளிநாடு போவார், புதுப்பிக்க மறந்துபோகும், தளம் காணாமல் போகும். அவரிடம் கெட்ட எண்ணம் எதுவும் இருக்காது. இருந்தும் நூறு பேருடைய இரவுகள் அதோடு போய்விடும்.

இவ்வளவு எழுதினாலும் கூட்டத்துக்கு வராதவர்கள் இருக்கிறார்கள். கைப்பேசியில் இரவு பத்து மணிக்குமேல் இரண்டு பக்கம் திருத்திவிட்டுத் தூங்கப் போகும் இல்லத்தரசி, ஆலமரத்தடியில் ஒரு வரிகூட எழுதியதில்லை. அங்கே பேசுவோரில் பெரும்பாலோர் ஆண்கள், பழையவர்கள், விவாதத்தில் தேர்ந்தவர்கள். வாக்கு ஒன்று கொடுத்துவிட்டதால் அவர் குரல் வந்துவிடாது. முடிவெடுக்குமுன் உழைப்பவர் பட்டியலை எடுத்து, பேசாதவர்களுக்கு ஒவ்வொருவராகத் தமிழில் எழுதிக் கேட்க ஓர் ஆள் வேண்டும். அதற்கு ஊதியம் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். தன்னார்வத் திட்டத்தில் முதல் ஊதியப் பணி எதுவாக இருக்க வேண்டும் என்று என்னைக் கேட்டால் இந்த வேலையைத்தான் சொல்வேன். மென்பொருள் எழுத ஆர்வலர்கள் கிடைப்பார்கள்; பேசாதவரைத் தேடிப் போய்க் கேட்கும் வேலைக்கு யாரும் தானாக முன்வருவதில்லை.